ஏட்டில் எழுதிய உரிமை தோட்டத்துக்குத் தானாக வராது

தோழர்களே,

"சட்டம் இருக்கிறதே, சங்கம் எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு நாம் சொல்வது இதுதான்.

1789இல் பிரெஞ்சு தேசிய சபை, மனிதர் எல்லோரும் உரிமையில் சமம் என்று பிரகடனம் செய்தது. பகுத்தறிவுச் சிந்தனை மன்னராட்சியின் அடித்தளத்தையே ஆட்டியது. நல்லது. ஆனால் அதே பிரான்ஸ் ஆண்ட இன்றைய ஹெயிட்டியில், சுமார் 5 லட்சம் அடிமைகள் கரும்பு, கோப்பித் தோட்டங்களில் சவுக்கடி பட்டார்கள். தோட்ட முதலாளிகளோ, அடிமைகளும் தங்கள் சொத்து என்றார்கள்!

1791இல் அந்தத் தோட்டத்து மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அதன் பிறகே, 1794இல், பாரிஸ் அடிமைமுறையை ஒழித்தது. நெப்போலியன் அனுப்பிய படையையும் தோற்கடித்து, 1804இல் தனிநாடு கண்டார்கள்.

எழுதிய உரிமையை அழிக்கவும் முடியும். 1948இல் நமது பிரஜாவுரிமையைப் பறித்ததும் ஒரு சட்டம்தானே?

தத்துவம் உரிமைக்குப் பெயர் வைத்தது. அதை லயத்து வாசல்வரை கொண்டுவருவது நமது ஒற்றுமையே. சந்தாவைக் கட்டுங்கள்; கூட்டத்துக்கு வாருங்கள்!