மத்தியான மோட்டார்

எங்கள் ஃப்ளாட்ஸில் மாதாந்திரக் கூட்டம். மொத்தம் பன்னிரண்டு வீடு. வந்தது ஆறு பேர். அதிலும் ரெண்டு பேர் பஜ்ஜிக்காக. "தண்ணி மோட்டாரை சாயந்திரம் 7 மணிக்குப் போடறதுக்குப் பதிலா மத்தியானம் 12 மணிக்குப் போட்டா என்ன?" என்று கேட்டேன்.

செக்ரட்டரி என்னை மேலும் கீழும் பார்த்தார். "எப்பப் போட்டாலும் யூனிட் யூனிட்தானே ஸார்? நீங்க பி.காம்.தானே?"

பி.காம். என்பதால்தான் ஸார் கேட்கிறேன். சரக்கு தேங்கினால் விலை இறங்கும், தட்டுப்பாடு வந்தால் ஏறும். இது முதல் வருஷப் பாடம். மின்சாரமோ கிடங்கில் அடுக்க முடியாத சரக்கு. பேட்டரியில் கொஞ்சம் பிடித்து வைக்கலாம், அதற்குக் காசு வேண்டும். மற்றபடி உற்பத்தியான விநாடியே யாராவது செலவழித்தாக வேண்டும். கறிவேப்பிலைக் கட்டாவது சாயந்திரம் வரை தாங்கும்!

ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சோலார் நிலையம் இருக்கிறது. நண்பகலில் அள்ளிக் கொடுக்கும். பொழுது சாய்ந்தால் கடையைச் சாத்திவிடும். முப்பந்தல் காற்றாலைகளுக்கு மே முதல் செப்டம்பர் வரை சீஸன். காற்று நம்மைக் கேட்டுக்கொண்டா அடிக்கிறது? வாங்க ஆளில்லாத நேரத்தில் உற்பத்தியைக் குறைக்கச் சொல்வதும் நடக்கிறது.

நாம் என்ன செய்கிறோம்? சூரியன் வீட்டுக்குப் போன பிறகு நாம் வீட்டுக்கு வந்து லைட், டி.வி., ஏ.சி., மோட்டார் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தட்டுகிறோம். பாரம் நிலக்கரி தலையில்.

ஒரு குதிரைசக்தி மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் முக்கால் யூனிட். பிரமாதமில்லைதான். ஆனால் ஒரு லட்சம் மோட்டார்கள் சாயந்திரத்திலிருந்து மத்தியானத்துக்கு மாறினால் சுமார் 75 மெகாவாட். மொட்டை மாடித் தொட்டிதான் ஸார் நம்ம பேட்டரி. ஏற்கெனவே கட்டியாச்சு, காசும் கொடுத்தாச்சு.

தெற்கு ஆஸ்திரேலியாவில் 2020-ல் 'சோலார் ஸ்பாஞ்ச்' என்று ஒரு கட்டணம் கொண்டு வந்தார்கள். காலை 10 முதல் பிற்பகல் 3 வரை மலிவு. நம் மத்திய அரசும் 2023-ல் விதியைத் திருத்தியது. ஸ்மார்ட் மீட்டர் வந்த வீட்டுக்கு வெயில் நேரத்தில் சுமார் 20 சதவிகிதம் குறைவு, உச்ச நேரத்தில் 10 சதவிகிதம் கூடுதல் என்று ஏற்பாடு. எங்கள் மீட்டருக்கு இன்னும் ராத்திரி பகல் தெரியாது. தெரிந்தால் செக்ரட்டரியே 12 மணிக்கு ஸ்விட்ச் பக்கத்தில் நிற்பார்.

கூட்டத்தில் ஒரு வழியாக ஜெயித்தேன். அறுநூறு ரூபாய்க்கு ஒரு டைமர் வாங்குவதாகத் தீர்மானம்.

அதே வேகத்தில் வீட்டுக்கு வந்து, "வாஷிங் மெஷின், இஸ்திரி எல்லாமே இனிமே மத்தியானம்தான்" என்று அறிவித்தேன்.

அம்மா டி.வி.யை மியூட் செய்தாள். "பகல்ல, பகல்லங்கறியே, பகல்ல வீட்ல யாருடா இருக்கா? நீங்க ரெண்டு பேரும் ஆபீஸ் போயிடறீங்க. சாப்பிட்டுட்டு நான் அரை மணி நேரம் காலை நீட்டற நேரம்டா அது!"

என்னிடம் பதில் இல்லை. நிலக்கரி மேலிருந்த பாரத்தை இறக்கி அம்மா தலையில் வைக்கப் பார்த்திருக்கிறேன். மின்சாரத்தைக் கணக்குப் போட்டவன் மனுஷியை விட்டுவிட்டேன். ஆள் தேவைப்படாத மோட்டார், கெய்ஸர் மாதிரி சாமான்களை டைமரில் மாற்றலாம். ஆள் தேவைப்படும் வேலையை மாற்றும் முன்னால் அந்த ஆளைக் கேட்க வேண்டும். திட்டம் போடுகிற பெரியவர்களும் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் 12 மணி. வாரத்துக்கான ஆறு சட்டைகளோடு இஸ்திரிப் பெட்டி முன்னால் நிற்கிறேன். வெளியே சுட்டெரிக்கிற வெயில். சோலார் நிலையங்கள் குஷியாக இருக்கும்.

உள்ளே அம்மா காலை நீட்டிப் படுத்திருக்கிறாள். "காலர்ல மடிப்பு விழாம தேய்டா" என்று மட்டும் குரல் வருகிறது.