இரண்டு மணிக்கு எழுப்பியது யார்?

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடையில் வைத்து அந்தத் தம்பி மார்க் சீட்டை நீட்டினான். கல்வராயன் மலையில் வெள்ளிமலையையும் தாண்டி உள்ளடங்கிய ஊர். பி.எஸ்சி. கணிதம், முதலாமாண்டு. முதல் செமஸ்டரில் மூணு அரியர். "எனக்குப் படிப்பு வராதுண்ணே, நின்னுடலாம்னு இருக்கேன்" என்றான். மலைமேல் உண்டு உறைவிடப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் முதலாவதாக வந்தவன் இவன். ஆறு மாதத்தில் ஒருத்தனுக்குப் படிப்பு எப்படி வராமல் போகும்?

துருவிக் கேட்டதில் ஒவ்வொன்றாக வந்தது. "டிஃபரன்சியேஷன் டிஃபரன்சியேஷன்னு சார் போர்டுல போட்டுக்கிட்டே போனாரு. அது நம்ம வகையிடல்தான்னு தெரியவே எனக்கு ரெண்டு மாசம் ஆச்சுண்ணே." சேர்ந்த புதிதில் என்ன ஆளுங்க என்று விசாரித்திருக்கிறார்கள். மலையாளி என்றிருக்கிறான். "கேரளாவா?" என்று ஒருத்தன் கேட்க, பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. அதற்கப்புறம் வகுப்பில் அவன் வாய் திறந்து ஒரு சந்தேகம் கேட்டதில்லை. தேர்வுக்கு முந்தைய லீவில் புத்தகத்தோடு உட்கார வேண்டியவன் அப்பாவோடு கரும்பு வெட்டப் போயிருக்கிறான். செல்போனில் நேரம் போனதையும் ஒத்துக்கொண்டான். அதையும் மறைக்க வேண்டாம்.

எனக்கு இது புதுசில்லை. காலனியிலிருந்து நான் கல்லூரிக்குப் போன முதல் வருஷம் நாலு அரியர். "படிக்கிற பழக்கமே உங்களுக்கெல்லாம் கிடையாதுய்யா" என்றார் ஒரு பேராசிரியர். அந்த "உங்களுக்கெல்லாம்" யார் யாரென்று வகுப்புக்கே தெரியும். செமஸ்டர் தாள் திருத்துகிறவருக்கு நம் முகம் தெரியாது. 25 மதிப்பெண் இன்டர்னல் போடுகிறவருக்குத் தெரியும். தகுதி, திறமை என்று பேசுகிறவர்கள் இந்த 25ஐப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

சரி, படிக்கிற பழக்கம் என்கிறார்களே, அது எங்கே இருக்கிறது? பாபாசாகேப் 1907இல் மெட்ரிகுலேஷன் தேறியபோது வாங்கியது 750க்கு 282. நூற்றுக்கு முப்பத்தெட்டுகூட வராது. பம்பாய் பரேலில் ஒரே அறையில் மொத்தக் குடும்பம். அப்பா ராம்ஜி இரவு இரண்டு மணிவரை தூங்காமல் உட்கார்ந்திருந்து மகனை எழுப்பிப் படிக்க வைத்துவிட்டு அதன்பிறகுதான் படுப்பார். எல்பின்ஸ்டன் கல்லூரியில் ஓட்டல்காரர் டீயும் தண்ணீரும் தரவில்லை. முல்லர் என்ற பேராசிரியர் புத்தகமும் சட்டையும் தந்தார். பரோடா மன்னரின் மாதம் 25 ரூபாய் உதவித்தொகை வந்தது. இத்தனையும் சேர்ந்துதான் 1912இல் அந்த பி.ஏ. பட்டம். நாம் படத்துக்கு மாலை போடுகிறோம், ராம்ஜி கண்விழித்ததை மறந்துவிடுகிறோம்.

எழுப்பிவிட ஆளில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் பக்கத்திலேயே சாட்சி உண்டு. இந்த மலையின் மறுபக்கம் சேலம் மாவட்டம். அங்கே ஜலகண்டாபுரத்தைச் சேர்ந்த செந்தில்குமார், பன்றி வளர்க்கும் பன்னியாண்டி சமூகத்திலிருந்து ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் ஆராய்ச்சிக்குப் போனார். நெறியாளர் ஒதுக்கப்படவில்லை. பாடத்தேர்வில் தேறவில்லை என்று உதவித்தொகையும் நின்றது. 2008 பிப்ரவரி 24 அன்று விடுதி அறையில் இறந்து கிடந்தார். துறையின் நடைமுறைகளில் தெளிவில்லை, அதில் அடிபட்டவர்கள் பெரும்பாலும் தலித், பழங்குடி மாணவர்கள் என்று வினோத் பவராலா குழு எழுதியது செத்ததற்கு அப்புறம்.

அதனால்தான் அந்தத் தம்பி "நின்னுடலாம்" என்றபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அரசுப் பள்ளிப் பையன்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. நல்லது, வரட்டும். ஆனால் அந்த ஆயிரம் ரூபாய் பக்கத்தில் உட்கார்ந்து வகையிடல் சொல்லித் தராது.

தோழர்களே, நம்மையும் கொஞ்சம் கேட்டுக்கொள்வோம். 1942இல் நாகபுரி மாநாட்டில் அண்ணல் தந்த முழக்கத்தின் முதல் சொல்லை நாம் "கற்பி" என்றுதான் சுவரெல்லாம் எழுதுகிறோம். படி என்று எழுதவில்லை. சொல்லிக்கொடு என்று அர்த்தம். யாருக்குச் சொல்லிக் கொடுத்தோம்? முதலாமாண்டுப் பையன் கிடைத்தால் போதும், பசை வாளியைக் கையில் கொடுத்து நோட்டீஸ் ஒட்ட அனுப்புகிறோம். மறுநாள் அவனுக்குத் தேர்வா என்று கேட்டதுண்டா? நான் கேட்டதில்லை. போன நவம்பரில் இதே தம்பியை ஒரு கூட்டத்துக்கு வேனில் ஏற்றி அனுப்பியவன் நான்தான். அந்த மூணு அரியரில் ஒன்று என் கணக்கு.

அன்றைக்கு டீக்கடைக்குப் பக்கத்திலேயே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினோம். இடதுபக்கம் இங்கிலீஷ், வலதுபக்கம் தமிழ். மேட்ரிக்ஸ், அணி. லிமிட், எல்லை. இன்டக்ரேஷன், தொகையிடல். அவன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ரெண்டு பக்கம் முடிவதற்குள் மலைக்குப் போகிற பஸ் கிளம்பிவிட்டது. "கச்சிராயபாளையம் போயிட்டா அங்கேருந்து எதுனா வண்டி கெடைக்கும்ணே" என்று நோட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓடினான். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறான். இயற்பியல் படித்த தோழர் யாராவது கூட வந்தால் தேவலை. துணைப்பாடத்திலும் அவனுக்கு ஒரு அரியர் இருக்கிறது, எனக்கு அது தெரியாது.