முந்த்ராவுக்கு ஒரு நீதி, முள்வேலிக்கு ஒரு நீதி

குஜராத் மாநிலம் கட்ச் மாவட்டத்தில் உள்ள முந்த்ரா துறைமுகத்தில், 2021 செப்டம்பர் மாத நடுவில், வருவாய்ப் புலனாய்வு இயக்குநரக அதிகாரிகள் இரண்டு கன்டெய்னர்களைத் திறந்து சோதித்தனர். ஆவணங்களின்படி அவற்றில் இருந்தது, ஆப்கானிஸ்தானிலிருந்து ஈரானின் பந்தர் அப்பாஸ் துறைமுகம் வழியாக வந்த மாக்கல். விஜயவாடா முகவரியில் பதிவான ஒரு சிறிய நிறுவனத்தின் பெயரில் அது இறக்குமதியாகியிருந்தது. அந்த மாக்கல்லோடு கலந்து 2,988 கிலோ ஹெராயின் இருந்தது. அதன் மதிப்பு ஏறத்தாழ ரூ.21,000 கோடி என்று கணக்கிடப்பட்டது. நாட்டில் இதுவரை பிடிபட்ட போதைப்பொருள் சரக்குகளில் மிகப் பெரியவற்றுள் இதுவும் ஒன்று.

ஒரு மாதம்கூட முழுமையாகக் கழியாத நிலையில், அக்டோபர் 11 அன்று ஒன்றிய உள்துறை அமைச்சகம் ஓர் அறிவிக்கையை வெளியிட்டது. பஞ்சாப், மேற்கு வங்கம், அசாம் ஆகிய மாநிலங்களில் எல்லையிலிருந்து 15 கிலோமீட்டர் வரை இருந்த எல்லைப் பாதுகாப்புப் படையின் அதிகார வரம்பு 50 கிலோமீட்டராக நீட்டிக்கப்பட்டது. அந்தப் பரப்பில் சோதனையிடவும், பறிமுதல் செய்யவும், கைது செய்யவும் அப்படைக்கு இனி அதிகாரம் உண்டு. எல்லை தாண்டிய குற்றங்களையும் கடத்தலையும் தடுக்கவே இந்த ஏற்பாடு என்று கூறப்படுகிறது. இதே அறிவிக்கை குஜராத்தில் 80 கிலோமீட்டராக இருந்த வரம்பை 50 கிலோமீட்டராகக் குறைத்துள்ளது என்பதையும் கவனிக்க வேண்டும்.

துறைமுகத்தில் இறங்கும் சரக்கைச் சோதிப்பது எல்லைப் பாதுகாப்புப் படையின் பணியன்று என்பது உண்மையே. ஆயினும் இவ்விரு நிகழ்வுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும் எவருக்கும் ஒரு கேள்வி எழும். மூன்று டன் ஹெராயின் வந்தது எந்த வழியாக? பஞ்சாப் விவசாயியின் கோதுமை வயல் வழியாகவோ, கூச் பிகார் கிராமத்தின் மூங்கில் தோப்பு வழியாகவோ அது வரவில்லை. முறையான ஆவணங்களோடு, துறைமுகத்தின் பிரதான வாயில் வழியாகவே வந்தது. 2021 ஏப்ரலில் தூத்துக்குடித் துறைமுகத்தில் பிடிபட்ட 300 கிலோவுக்கு மேற்பட்ட கொகெய்னும் மரக்கட்டைச் சரக்கோடு கன்டெய்னரில்தான் வந்தது. நோய் ஓரிடத்திலும் மருந்து வேறிடத்திலும் இருப்பது ஏன்?

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது போல் மூன்று டன் ஹெராயினை மாக்கல்லில் மறைத்துக் கொண்டுவர முடியும் என்ற துணிவு கடத்தல்காரர்களுக்கு எங்கிருந்து வந்தது? விடை சுங்க நிர்வாகத்தின் போக்கில் உள்ளது. தாராளமயக் கொள்கையின் வழியில், 2005 முதல் இடர் மதிப்பீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. எந்தச் சரக்கைத் திறந்து பார்ப்பது என்பதைக் கணினி தேர்ந்தெடுக்கிறது. எஞ்சியவை திறக்கப்படாமலேயே வெளியேறுகின்றன. 2011 முதல் இறக்குமதியாளரே தம் சரக்கின் வகையையும் வரியையும் மதிப்பிட்டு அறிவிக்கும் சுயமதிப்பீட்டு முறையும் வந்துவிட்டது. எளிதில் தொழில் செய்யும் நாடுகளின் பட்டியலில் முன்னேற வேண்டும் என்பதற்காக, சரக்கு எத்தனை மணி நேரத்தில் வெளியேறுகிறது என்பதே சுங்கத்துறையின் திறமைக்கு அளவுகோலாக்கப்பட்டது. எத்தனை கன்டெய்னர்கள் முறையாகச் சோதிக்கப்பட்டன என்பது அளவுகோலாக இல்லை. முந்த்ராவில் ஹெராயின் சிக்கியது துப்பு கிடைத்ததால்தான். துப்பு கிடைக்காத கன்டெய்னர்களில் என்ன இருந்தது என்பதை யார் அறிவார்?

இத்துறைமுகத்தை நடத்துவது அதானி குழுமம். கன்டெய்னர்களைத் திறந்து சோதிக்கும் அதிகாரம் சுங்கத்துறை உள்ளிட்ட அரசு அமைப்புகளுக்கே உண்டு, துறைமுகத்தை நடத்துவோருக்கு இல்லை என்று அந்நிறுவனம் அறிக்கை வெளியிட்டது. சட்டப்படி அது சரியே. ஆனால் அந்த விளக்கம் பொறுப்பை நேராக ஒன்றிய அரசின் வாசலில் கொண்டுவந்து வைக்கிறது. விஜயவாடா நிறுவனத்துக்குரிய சரக்கு அத்தனை தொலைவிலுள்ள முந்த்ராவில் இறங்கியது ஏன், இதனால் துறைமுக நிர்வாகத்துக்கு ஏதேனும் ஆதாயம் உண்டா என்று விசாரிக்குமாறு குஜராத்தின் சிறப்பு நீதிமன்றமே கேட்டது. அக்டோபர் தொடக்கத்தில் வழக்கு தேசியப் புலனாய்வு முகமைக்கு மாற்றப்பட்டது. அதன்பின் ஈரான், பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் நாடுகளிலிருந்து வரும் கன்டெய்னர்களை நவம்பர் 15 முதல் கையாளப் போவதில்லை என்று அந்நிறுவனமே அறிவித்தது. எந்த நாட்டுச் சரக்கு இந்திய மண்ணில் இறங்கலாம் என்பது நாட்டின் இறையாண்மையைச் சார்ந்த முடிவு. அது ஒரு தனியார் நிறுவனத்தின் வணிக அறிவிப்பாக வெளிவரும் நிலைக்கு நாடு வந்துள்ளது. தேசபக்தியை நாள்தோறும் முழங்கும் ஆட்சியாளர்கள் இதற்கு என்ன விடை சொல்வார்கள்?

இதே நாட்களில் பெரும்பாலான தொலைக்காட்சிகள் எதைப் பேசின என்பதையும் மறந்துவிடலாகாது. மும்பையில் ஒரு சொகுசுக் கப்பலில் கிடைத்த சில கிராம் போதைப்பொருளும், அதில் கைதான நடிகரின் மகனுமே வாரக்கணக்கில் தலைப்புச் செய்தியாயினர். கிராம் கணக்கின் ஆரவாரத்தில் டன் கணக்கு காணாமற்போயிற்று. பஞ்சாபின் சிற்றூர்களில் தம் பிள்ளைகளைப் போதைக்குப் பலிகொடுத்த தாய்மார்களுக்குத் தேவை அந்த ஆரவாரமன்று. நஞ்சு நாட்டுக்குள் நுழையும் வாயில் அடைக்கப்பட வேண்டும் என்பதே அவர்கள் கோருவது.

துறைமுகத்தில் இத்தனை நெகிழ்வு காட்டும் அரசு நில எல்லையில் காட்டும் முகம் வேறு. பன்னாட்டு எல்லைக்கோட்டிலிருந்து உட்புறமாக அமைந்த முள்வேலி, பல இடங்களில் விவசாயியை அவரது நிலத்திலிருந்து பிரிக்கிறது. பஞ்சாபில் மட்டும் 20,000 ஏக்கருக்கு மேற்பட்ட விளைநிலம் வேலிக்கு அப்பால் கிடக்கிறது. அடையாள அட்டையைக் காட்டி, வாயில் திறக்கும் நேரத்துக்குக் காத்திருந்து, மூடும் நேரத்துக்குள் திரும்பினால்தான் அவர்கள் உழவு செய்ய முடியும். வங்க எல்லையிலும் இதே கதைதான். சந்தைக்குச் செல்லும் சைக்கிளும், மூட்டையில் உள்ள அரிசியும், கையில் பிடித்திருக்கும் மாடும் அங்கே சந்தேகத்துக்குரியவை.

2011 ஜனவரி 7 அன்று, தந்தையோடு தாய்நாடு திரும்பிக்கொண்டிருந்த 15 வயது வங்கதேசச் சிறுமி முள்வேலியில் சிக்கிக்கொண்டாள். எல்லைக் காவலரின் குண்டுக்கு இரையான அவளது உடல் மணிக்கணக்கில் வேலியில் தொங்கியதை உலகமே கண்டது. சுட்டவரைப் படையின் சொந்த நீதிமன்றம் 2013இல் விடுவித்தது. மறு விசாரணைக்குப் பின் 2015இல் மீண்டும் விடுவித்தது. புதிய அறிவிக்கை வெளியான ஒரு மாதத்தில், நவம்பர் 12 அன்று, கூச் பிகாரின் சீதாய் பகுதியில் எல்லைப் பாதுகாப்புப் படையின் துப்பாக்கிச் சூட்டில் வங்கதேசத்தவர் இருவரும் இந்தியர் ஒருவரும் கொல்லப்பட்டனர். மாடு கடத்தினார்கள் என்பது குற்றச்சாட்டு. மாடு கடத்தலுக்கு எந்தச் சட்டத்தில் மரண தண்டனை உள்ளது? மாக்கல் ஆவணத்தின் பின்னால் நின்ற பெரும் முதலாளி யார் என்பதைக் கண்டறிய ஆண்டுகள் ஆகலாம். மாட்டுக் கயிற்றைப் பிடித்திருந்தவருக்குத் தீர்ப்பு ஒரு நொடியில் வழங்கப்பட்டுவிடுகிறது.

இதைச் சொல்வது எல்லையில் நிற்கும் வீரர்களைப் பழிப்பதற்காக அன்று. அவர்களில் பெரும்பாலோர் உழவர், தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள்; குளிரிலும் வெயிலிலும் உயிரைப் பணயம் வைத்துப் பணியாற்றுபவர்கள். அவர்களை எல்லைக்கோட்டிலிருந்து இழுத்து, 50 கிலோமீட்டர் உள்ளே ஊர்களிலும் நகரங்களிலும் காவல் துறையின் வேலையைச் செய்யப் பணிப்பது எல்லைக் காவலையே பலவீனப்படுத்தும். அரசமைப்புச் சட்டத்தின்படி பொது ஒழுங்கும் காவல் துறையும் மாநிலப் பட்டியலில் உள்ளவை. மாநில அரசுகளின் ஒப்புதலின்றி, ஓர் அறிவிக்கையின் மூலம் அந்த அதிகாரத்தில் கைவைப்பது கூட்டாட்சியின் மீதான தாக்குதலாகும். பஞ்சாப் சட்டமன்றம் 2021 நவம்பர் 11 அன்று ஒருமனதாகவும், மேற்கு வங்கச் சட்டமன்றம் நவம்பர் 16 அன்று பெரும்பான்மையாகவும் இதை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியுள்ளன. அம்மாநிலங்களின் அப்போதைய ஆளும் கட்சிகளோடு இடதுசாரிகளுக்கு உள்ள வேறுபாடுகள் ஒருபுறமிருக்க, இவ்வெதிர்ப்பு நியாயமானது.

மக்களை நம்பும் அரசுக்கு வேறு வழியும் உண்டு. 2011இல் மேகாலயாவின் கலாய்ச்சரிலும், 2015இல் இடது முன்னணி ஆட்சியிலிருந்த திரிபுராவின் ஸ்ரீநகரிலும் கமலாசாகரிலும் எல்லைச் சந்தைகள் திறக்கப்பட்டன. இரு நாட்டுச் சிற்றூர் மக்களும் காய்கறி, மீன், துணி முதலியவற்றைச் சட்டப்படி விற்கவும் வாங்கவும் அங்கே இடம் கிடைத்தது. நேற்றுவரை கடத்தல் எனப்பட்டது வணிகமாயிற்று. அச்சந்தைகள் பெருந்தொற்றுக் காலத்தில் மூடப்பட்டன. இத்தகைய சந்தைகள் மேலும் பல இடங்களுக்கு விரிவாக்கப்பட வேண்டும்.

அக்டோபர் 11 அறிவிக்கையை ஒன்றிய அரசு உடனே திரும்பப் பெற வேண்டும். முந்த்ரா கடத்தலின் முழுப் பின்னணியையும் நாடாளுமன்றத்தின் முன் வைக்க வேண்டும். பொதுத்துறை, தனியார் என்ற வேறுபாடின்றி எல்லாத் துறைமுகங்களிலும் போதிய சுங்க ஊழியர்களும் ஸ்கேனர்களும் அமர்த்தப்பட வேண்டும். எல்லையில் நிகழும் ஒவ்வொரு துப்பாக்கிச் சாவும் படையின் நீதிமன்றத்தில் அல்லாமல் பொது நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட வேண்டும். நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சிகள் அனைத்தும் இக்கோரிக்கைகளை எழுப்புவது அவசியம்.

தலைநகரின் எல்லைகளில் ஆணிகளை நட்டும் முள்கம்பிகளைச் சுற்றியும் சொந்த நாட்டு விவசாயிகளைத் தடுத்த அரசு இது. அதே அரசு வேளாண் சட்டங்களைத் திரும்பப் பெறுவதாக 2021 நவம்பர் 19 அன்று அறிவிக்க நேர்ந்தது. முள்கம்பியைவிட மக்கள் ஒற்றுமை வலிது என்பதைப் பஞ்சாப் விவசாயிகள் ஓராண்டுப் போராட்டத்தில் மெய்ப்பித்துவிட்டனர். அந்த ஒற்றுமையே எல்லையோர மக்களின் உரிமையையும் மாநிலங்களின் உரிமையையும் காக்கும்.