டயர் வாங்கப் போகிறீர்களா?

"டயரா! அதெல்லாம் ஆம்பிளைங்க சமாசாரம்" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே. பால் பாக்கெட்டில் தேதி பார்க்கிறோம். கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பொறுக்குகிறோம். ஆனால் குழந்தையைப் பின் ஸீட்டில் உட்கார வைத்துக்கொண்டு ஓடுகிற கார், தரையைத் தொடுவது நாலே நாலு இடத்தில்தான். ஒவ்வொரு இடமும் ஏறக்குறைய நம் உள்ளங்கை அகலம். பிரேக் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் அது பிடிப்பது சக்கரத்தை. ரோட்டைப் பிடிக்க வேண்டியது டயர்!

என் கொழுந்தனார் 2022-ல் விர்டஸ் ஜி.டி. வாங்கினார். பார்த்தால் அடக்கமான குடும்பக் கார் மாதிரி இருக்கும். காலை அழுத்தினால் 150 குதிரையும் ஒன்றாகப் பாயும். அப்படி ஓட்டினால் டயர் என்னத்துக்கு ஆகும்? 45,000 கிலோமீட்டரில் முன் டயர் இரண்டும் மொட்டை. பின்னாலும் பட்டன் பாதிக்கு மேல் போய்விட்டது. ஓரகத்திக்குப் பிறந்த வீடு குன்னூர். ஐப்பசி அடைமழையில் மூன்று வயதுப் பிள்ளையோடு மலை ஏற வேண்டும். "அக்கா, இவங்க முன்னாடி ரெண்டு மட்டும் மாத்தினா போதும்னு சொல்றாங்க. எனக்கென்னமோ மனசு கேக்கலை. கடைக்கு நீங்களும் வாங்கக்கா" என்றாள். எங்கள் வீட்டு வண்டிகளின் கணக்கு நோட்டு பல வருஷமாக என்னிடம் இருக்கிறது. அதனால் இந்த அழைப்பு.

கடையில் கொழுந்தனார் முதலில் கேட்டது 17 அங்குல அலாய் வீல். இப்போது இருப்பது 16 அங்குலம். "பார்க்க எடுப்பா இருக்கும் அண்ணி!" என்றார். எடுப்பாகத்தான் இருக்கும். இரும்போ அலாயோ, வட்டம் பெரிதானால் மொத்த உயரம் மாறாமல் இருக்க ரப்பரின் உயரம் குறைய வேண்டும். அவர் வண்டி டயரில் 205/55 ஆர் 16 என்று போட்டிருக்கிறது. 205 என்பது மில்லிமீட்டரில் அகலம். 55 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவிகிதம் பக்கவாட்டு உயரம் என்பது. ஆர் என்றால் ரேடியல். 16 என்பது ரிம்மின் அங்குலம். கணக்குப் போட்டால் பக்கவாட்டு உயரம் 113 மில்லிமீட்டர் வரும். 17 அங்குலத்துக்கு 205/50 போட்டால் அது 103 ஆகிவிடும். ஒரு சென்டிமீட்டர் தானே என்று தோன்றும். குழியிலும், சொல்லாமல் கொள்ளாமல் முளைத்த வேகத்தடையிலும் அடி வாங்கிக்கொள்வது அந்த ஒரு சென்டிமீட்டர்தான். அது இல்லாவிட்டால் டயர் பக்கவாட்டில் புடைக்கும், ரிம் நெளியும், பின்னால் தூங்குகிற குழந்தை திடுக்கிட்டு எழும். நம் ஊர் ரோட்டில் வேண்டாம் என்றேன். ஓரகத்தியும் கூடச் சேர்ந்துகொண்டாள். அந்தப் பேச்சு அதோடு போயிற்று.

அளவுக்குப் பக்கத்திலேயே 91 வி என்று இன்னொரு எண்ணும் எழுத்தும் இருந்தன. 91 என்றால் அந்த ஒரு டயர் 615 கிலோ தாங்கும். வி என்றால் மணிக்கு 240 கிலோமீட்டர் வரை. எச் என்றால் 210 வரை. 'யார் 240-ல் போகப் போகிறார்கள்?' என்று நாம் கேட்போம். கடைக்காரரும் எச் எழுத்து டயரைக் காட்டி, "இது விலை குறைச்சலுங்க" என்பார். ஆனால் அது வேகத்துக்கு மட்டும் போட்ட எழுத்து இல்லை. சூட்டை எவ்வளவு தாங்கும் என்பதற்கும் அது அடையாளம். சித்திரை வெயிலில் ஆளும் சாமானுமாக நாலு வழிச் சாலையில் நாலு மணி நேரம் போகிற வண்டிக்கு அது முக்கியம். கையேட்டில் போட்டிருக்கும் எண்ணுக்கும் எழுத்துக்கும் கீழே இறங்காதீர்கள். மேலே போனால் தப்பில்லை.

அடுத்தது மெத்தென்ற ரப்பரா, கெட்டி ரப்பரா என்கிற கேள்வி. இந்த மாதிரி வேகக் கார்களுக்கென்று 'பெர்ஃபார்மன்ஸ் டயர்' என்று வைத்திருக்கிறார்கள். ரப்பர் மெத்தென்று இருக்கும். வளைவில் ரோட்டை உடும்பு மாதிரி பிடிக்கும். ஆனால் சீக்கிரம் தேயும், விலையும் கூட. கெட்டி ரப்பர் வருஷக்கணக்கில் உழைக்கும், பெட்ரோலும் கொஞ்சம் மிச்சமாகும். மழையில் அதே பிடிப்பை எதிர்பார்க்கக் கூடாது. பள்ளிக்கூட அழிரப்பரை நினைத்துக்கொள்ளுங்கள். நன்றாக அழிப்பது சீக்கிரம் கரையும்; கரையாதது தாளைக் கிழிக்கும்! பல டயர்களில் 'ட்ரெட்வேர்' என்று ஒரு எண் இருக்கும். 200, 300 என்றால் மெத்து. 400, 500 என்றால் உழைப்பு. அந்தந்தக் கம்பெனி தானே போட்டுக்கொள்ளும் மார்க் அது. அதனால் ஒரே கம்பெனியின் இரண்டு டயரை ஒப்பிடத்தான் அதை நம்பலாம். அதற்குப் பக்கத்திலேயே 'ட்ராக்‌ஷன்' என்று ஓர் எழுத்து. ஈரத் தரையில் நேராக நிற்பதற்கான மார்க் அது. ஏஏ என்பது முதல் தரம், அடுத்து ஏ, பி, சி. நான் முதலில் பார்ப்பது இதைத்தான். ஏ-க்குக் கீழே இருந்தால் விலையே கேட்பதில்லை.

கொழுந்தனார் தேர்ந்தெடுத்தது இருப்பதிலேயே மெத்தான ரகம். விலை கூட, ஆகவே இரண்டு மட்டும். அதையும் முன்னால் போடச் சொன்னார். கடைக்காரரும், "முன்சக்கரந்தானுங்க வண்டிய இழுக்குது. புதுசை முன்னாடிதான் போடோணும்" என்றார்.

சண்டை இங்கேதான் வந்தது. நீங்களும் உங்கள் வீட்டில் இதே பேச்சைக் கேட்டிருப்பீர்கள், ஆகையால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

மழைத் தண்ணீர் ரோட்டில் படலமாக நிற்கும்போது, டயரின் பட்டன்களுக்கு நடுவே உள்ள பள்ளம்தான் அதை வாரி வெளியே தள்ளுகிறது. பள்ளம் தேய்ந்திருந்தால் தண்ணீருக்குப் போக வழியில்லை. டயர் தரையை விட்டுத் தண்ணீரின் மேல் மிதக்கும். முன் டயர் மிதந்தால் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேரே போகும். பயம்தான். ஆனால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வேகம் தணிந்து பெரும்பாலும் பிடிப்பு திரும்பிவிடும். பின் டயர் மிதந்தால் கதையே வேறு. வால் பக்கம் வீசி, வண்டி தன்னைத் தானே சுற்றும். அதை அடக்குவது பந்தயக்காரர்களுக்கே சிரமம். மலை ரோட்டில் ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். சுற்றுவதற்கு இடம் ஏது? அதனால் இரண்டே டயர் வாங்கினாலும், இழுப்பது முன்சக்கரமாகவே இருந்தாலும், புதிது இரண்டும் பின்னாலேதான் போக வேண்டும். பழையதில் நல்லது முன்னால் வரலாம்.

"அண்ணி, எஞ்சின் முன்னாடி, ஸ்டியரிங் முன்னாடி. நீங்க தலைகீழா சொல்றீங்களே!" என்றார் கொழுந்தனார். "டயர் கம்பெனிக்காரங்களே அப்படித்தான் எழுதியிருக்காங்க, பாருங்க" என்றேன். செல்போனை எடுத்துப் பெரிய கம்பெனிகள் இரண்டு மூன்றின் குறிப்பைப் படித்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அவரே, "அப்ப நாலும் மாத்திடலாம். ஆனா அந்த ரகத்துல நாலு வாங்க முடியாது" என்றார். ட்ராக்‌ஷன் ஏ போட்ட நடுத்தர ரகத்தில் நாலு எடுத்தோம். நாலு டயர் என்பது ஒரு நல்ல ஃப்ரிட்ஜ் வாங்குகிற பணம். வலிக்கத்தான் செய்யும். என் அபிப்பிராயம் இதுதான்: இரண்டு உசத்தி டயரைவிட நாலு நல்ல டயர் மேல்.

மாட்டுவதற்கு முன் ஒவ்வொரு டயரிலும் தேதி பாருங்கள். பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2325 என்றால் 2025-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரம். ஒரு பக்கம் இல்லாவிட்டால் மறுபக்கம் இருக்கும். ரப்பர் கிடங்கில் சும்மா கிடந்தாலும் மூப்படையும். ஒன்றைப் பார்த்துவிட்டு நாலும் அப்படித்தான் என்று நம்பாதீர்கள். எங்களுக்குக் கொண்டுவந்த நாலில் ஒன்று இரண்டு வருஷம் மூத்தது. "ஏனுங்க, இது மட்டும் பழசா இருக்கே?" என்றதும் மறு பேச்சில்லாமல் உள்ளே போய் வேறு எடுத்து வந்தார். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். சில டயரில் 'அவுட்ஸைடு' என்றோ, அம்புக்குறியோடு 'ரொட்டேஷன்' என்றோ எழுதியிருக்கும். அவசரத்தில் மாற்றி மாட்டினால் தண்ணீர் தள்ளும் வேலை கெட்டுவிடும். பணம் கொடுக்குமுன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள்.

வால்வு புதிதாகப் போடச் சொல்லுங்கள். அலைன்மென்ட், பேலன்சிங் இரண்டும் அன்றைக்கே ஆக வேண்டும். நைட்ரஜன் காற்று என்று தனிக் காசு கேட்டால், நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 சதவிகிதம் அதுதான் என்று சொல்லிச் சிரித்துவிட்டு வாருங்கள். பில்லை வாங்குங்கள், 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவிகிதமாகக் குறைந்திருக்கிறது, பழைய கணக்கில் போட்டுவிடப் போகிறார்கள். புது டயரின் மேல்பூச்சு தேயும் வரை, முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பாய்ச்சல் வேண்டாம்.

பிறகு மாதம் ஒரு முறை, வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது காற்று பாருங்கள். எவ்வளவு என்பது டிரைவர் கதவோரத்திலோ பெட்ரோல் மூடியின் உள்பக்கத்திலோ ஒட்டியிருக்கும். பட்டன் பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன மேடுகள் தெரியும். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். ரப்பர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமானால் டயரின் ஆயுள் முடிந்தது. மழைக்காலத்துக்கு அவ்வளவு தூரம் போகவிடாமல், 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது நல்லது. டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியையும் ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். சில கார்களில் அது சின்ன அளவு; மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று அதன் மேலேயே ஒட்டியிருக்கும். அதை மாட்டிக்கொண்டு குன்னூர் வரை போகாமல், மேட்டுப்பாளையத்திலேயே பஞ்சர் போட்டுக்கொண்டு ஏறுங்கள்.