உயிர்ச்சத்தும் உடலின் அளவும்

காசிமிர் ஃபங்க் என்னும் அறிஞர் 1912ஆம் ஆண்டில், உயிர் வாழ்வைக் குறிக்கும் 'வீட்டா' என்னும் இலத்தீன் சொல்லை முன்னிறுத்தி 'வைட்டமின்' என்னும் பெயரை ஆக்கினார். தமிழில் அஃது உயிர்ச்சத்து ஆயிற்று. கலைச்சொல் என்ற நிலையில் நல்ல ஆக்கமே. ஆயினும் அதன் முன்நிற்கும் 'உயிர்' நம் மக்களைச் சற்றே மயக்கிவிட்டதோ என்னும் ஐயம் எனக்கு உண்டு. உயிர் தரும் பொருள் எவ்வளவு மிகுந்தாலும் நன்மைதானே என்று எண்ணுகின்றனர்.

மீமிசல், கோட்டைப்பட்டினம் முதலிய நம் கடலோர ஊர்களுக்குச் சபுரிலிருந்து திரும்புவோரின் பெட்டியில் முன்பு தைலமும் சோப்பும் போர்வையும் இருக்கும். இன்று 'ஆயிரம் மில்லிகிராம்' என அச்சிட்ட வைட்டமின் சி புட்டிகளும் சேர்ந்துள்ளன. என் தம்பி அனுப்பிய அத்தகைய புட்டியிலிருந்து நாளுக்கு இரண்டாக எங்கள் அத்தா விழுங்கி வந்தார். வயிறு ஓயாமல் போயிற்று. பழி மீன்குழம்பின் மேல் விழுந்தது. "சின்னவன் அனுப்பியது, வீணாக்கலாமா?" என்று அவர் மாத்திரையை மட்டும் நிறுத்தவில்லை. புட்டியின்மேல் எங்களுக்கு ஐயம் எழவே ஒரு மாதம் ஆயிற்று.

நடந்தது இதுதான். சிறுகுடற் சுவரில் வைட்டமின் சியை உள்ளே கடத்தும் புரதங்கள் உள்ளன. ஆற்றைக் கடக்க ஓடங்கள் சிலவே இருக்கையில், கரையில் கூட்டம் பெருகுவதால் ஓடங்கள் பெருகிவிடா. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் மார்க் லெவின் குழுவினர் ஏழு இளைஞர்களை மாதக்கணக்கில் தங்கவைத்து அளந்து, 1996இல் முடிவை வெளியிட்டனர். ஒரே வேளையில் 200 மில்லிகிராம் கொடுத்தபோது ஏறத்தாழ முழுவதும் உட்சென்றது. 500ஐ எட்டியதும் விழுக்காடு சரிந்தது. உட்சென்ற மிகுதியும் சிறுநீரில் வெளியேறியது. உறிஞ்சப்படாத பகுதி பெருங்குடலில் நீரை ஈர்த்து வயிற்றுப்போக்கை உண்டாக்கும். சிலருக்குச் சிறுநீரகக் கல்லுக்கும் வழிகோலும். நூறு கிராம் கொய்யாவிலேயே ஏறத்தாழ 200 மில்லிகிராம் உள்ளதென்பது நோக்கத்தக்கது.

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் 'மருந்து'. அதில் ஒரு மூலிகையின் பெயரும் இல்லை. செரித்ததா என்பதும் அளவு என்ன என்பதுமே பெரிதும் பேசப்படுகின்றன. பல்லாண்டு வகுப்பில் நடத்திய அதிகாரம் வீட்டில் புட்டியைக் கண்டபோது எனக்கு நினைவுக்கு வரவில்லை!

எனினும், பேரளவு மருந்து எல்லாம் வீண் என்பது என் கருத்தன்று. பி12 இதற்குச் சான்று. இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதத்தின் துணையால் ஒரு வேளைக்கு ஏறத்தாழ இரண்டு மைக்ரோகிராமே உட்செல்லும். அதற்குமேல் நூற்றில் ஒரு பங்கு, துணையின்றித் தானே ஊடுருவும். ஆகவே அப்புரதம் குறைந்தோர்க்கும் 1000 மைக்ரோகிராம் மாத்திரை பத்து மைக்ரோகிராம் அளவில் பயன்தரும். நீரிழிவுக்கு மெட்ஃபார்மினை நெடுங்காலம் உண்ணும் பெரியவர்களுக்குப் பி12 குறையக்கூடும். கால் மரத்துப்போவதை முதுமையென்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் அதனைச் சொல்லுதல் வேண்டும்.

வைட்டமின் ஏ வேறு இனம். பித்தநீரின் உதவியால் கொழுப்போடு கலந்து, நிணநீர் வழியே சென்று, கல்லீரலில் தங்கும். சிறுநீர் வழியே எளிதில் வெளியேறாது. எனவே மிகுந்தால் நஞ்சாகும். ஆனால் அத்தேங்கும் இயல்பே குழந்தைகளுக்கு வாய்ப்பும் ஆயிற்று. பார்வையிழப்பைத் தடுக்க 1970இல் இந்திய அரசு தொடங்கிய திட்டம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு இலட்சம் அலகு கொடுப்பதை அடிப்படையாகக் கொண்டது.

இதில் நம் பகுதிக்கு உரிய பெருமை ஒன்று உண்டு. டாக்டர் லட்சுமி ரஹ்மத்துல்லா உள்ளிட்ட மதுரை அரவிந்த் குழுவினர், நம் அண்டையிலுள்ள திருச்சி மாவட்டத்தில் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடையே ஓராண்டு ஆய்வு நடத்தினர். பேரளவு அன்று; வாரந்தோறும் 8,333 அலகு மட்டுமே கொடுத்தனர். இறப்பு பாதிக்கும் கீழே குறைந்ததாக 1990இல் வெளியான அறிக்கை கூறிற்று. உத்தரப்பிரதேசத்தில் பத்து இலட்சம் குழந்தைகளிடையே அரையாண்டுக்கு ஒருமுறை பேரளவு கொடுத்துப் பார்த்த ஆய்வோ, 2013இல் வெளியானபோது, நான்கு விழுக்காட்டுக் குறைவையே காட்டியது. அதுவும் புள்ளியியல் நோக்கில் உறுதியானதன்று. இரண்டும் ஒரே சூழலில் நடந்தவை அல்ல. அறிஞரிடையே வழக்கு இன்னும் தீரவில்லை. சிறுகச் சிறுகக் கிடைப்பதே உடலுக்கு உகந்தது என்பது என் துணிபு. ஆயினும் முருங்கைக்கீரையும் முட்டையும் பாலும் நாளும் தட்டில் விழாத குழந்தையிடம் போய் அதனைக் கூறுவது எளிதன்று. அக்குழந்தைக்கு அரசின் சொட்டு வேண்டும்.

கடையில் வாங்கும் டானிக்கை நம்பி, கிராம சுகாதாரச் செவிலியர் தரும் அந்தக் கரைசலை மறுக்கும் தாய்மாரை நான் கண்டிருக்கிறேன். மறுக்கலாகாது. அதே வேளை, ஒன்பதாம் மாதத்தில் ஒரு மில்லி, அதன்பின் ஐந்து வயதுவரை அரையாண்டுக்கு ஒருமுறை இரண்டு மில்லி என்னும் கணக்கையும் மீறலாகாது. முகாமுக்குச் செல்லும்போது குழந்தையின் அட்டையையும் எடுத்துச் சென்று, முந்தைய தவணை எந்த நாளில் கொடுக்கப்பட்டது என்பதைச் செவிலியரிடம் காட்டிய பின்னரே வாய் திறக்கச் சொல்லுங்கள்.