மாறாத மதமா யூத மதம்?

விடுதியில் இரவு உணவு முடிந்தபின் மாடிப்படி ஓரத்தில் நின்று உலகத்தையே அளந்துவிட்டு உறங்கப் போவது நம்மவர் வழக்கம். சென்ற திங்கள் அவ்வாறு பேசிக்கொண்டிருக்கையில் நண்பர் ஒருவர், "யூதர்களைப் பாருங்கள். மூவாயிரம் ஆண்டுகளாக ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் தம் மதத்தைக் காத்தார்கள். அதனால்தான் நாடிழந்தும் அழியாமல் நிற்கிறார்கள்" என்றார். சுற்றி நின்றவர்கள் தலையசைத்தனர், நானும் அசைத்தேன். பிறகு சில நாட்கள் நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். அன்று அசைத்த தலைக்காக இன்று வெட்கப்படுகிறேன். யூதர்கள் மாற்றிக்கொண்டே வந்தார்கள். அதனால்தான் இருக்கிறார்கள் என்பது என் துணிபு.

இன்றைய யூதர் ஒருவரை அழைத்துப்போய் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய எருசலேம் தேவாலயத்தில் நிறுத்தினால், இது தம் மதந்தானா என்றே அவர் திகைப்பார். காலையில் ஓர் ஆட்டுக்குட்டி, மாலையில் ஓர் ஆட்டுக்குட்டி என நாள்தோறும் பலி. பண்டிகை நாட்களில் காளைகளும் ஆட்டுக்கடாக்களும். ஆரோன் வழிவந்த ஆசாரியர்கள் மட்டுமே பலிபீடத்தில் இரத்தம் தெளிக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை, பாவநிவாரண நாளன்று, பிரதான ஆசாரியர் ஒருவரே உள்ளறைக்குள் நுழைவார். மக்களின் பாவங்களைச் சுமத்தி ஒரு வெள்ளாட்டுக்கடாவைப் பாலைவனத்துக்கு ஓட்டிவிடுவார்கள். இன்று அந்த நாளில் பலியும் இல்லை, கடாவும் இல்லை. உண்ணாநோன்பிருந்து ஜெபக்கூடத்தில் நிற்கிறார்கள்; பழைய சடங்கைச் செய்வதற்குப் பதிலாக அது எப்படி நடந்தது என்ற வருணனையை ஓதுகிறார்கள்.

அந்தத் தேவாலய முறையாவது ஆதிமுதல் இருந்ததா என்றால், அதுவும் இல்லை. ஊருக்கு ஊர் பலிபீடங்கள் இருந்த காலம் ஒன்று உண்டு. கி.மு. 622 அளவில் யோசியா அரசன் அவற்றை இடித்து, வழிபாட்டை எருசலேமில் ஒடுக்கினான் என்று பழைய ஏற்பாடே கூறுகிறது. சீனாய்ப் பாலைவனத்தில் குந்திலத் அஜ்ருத் என்னுமிடத்தில் 1975-76இல் கிடைத்த சாடிகளில், 'யாவே'யின் பெயரோடு 'அஷேரா'வின் பெயரையும் சேர்த்து வாழ்த்து எழுதியிருந்தது. அது பெண் தெய்வமா, வழிபாட்டு மரத்தூணா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகின்றனர். எகிப்தில் நைல் நதித் தீவாகிய எலிபண்டைனில் குடியிருந்த யூதப் படைவீரர்கள் தங்களுக்கென்றே ஒரு கோயில் வைத்திருந்தார்கள். கி.மு. 410இல் அது இடிக்கப்பட்டபோது, மீண்டும் கட்ட உதவுங்கள் என்று எருசலேமுக்கும் யூதேயாவின் ஆளுநருக்கும் எழுதினார்கள். எருசலேமுக்கு வெளியே கோயில் கூடாது என்ற விதி அவர்கள் காதுக்கு எட்டியதாகவே தெரியவில்லை! வந்த மறுமொழி தானியப் படையலுக்கும் தூபத்துக்கும் இணங்கியது. விலங்குப் பலியைப் பற்றி வாயே திறக்கவில்லை.

நம்பிக்கையும் அப்படித்தான். பழைய நூற்பகுதிகளில் இறந்தோர் போகும் இடம் இருண்ட பாதாளம் ஒன்றே; நல்லவனுக்கும் தீயவனுக்கும் அதுவே. இறந்தோர் எழுவர் என்ற கருத்து தெளிவாக வருவது, கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் முற்றுப்பெற்ற தானியேல் நூலில். தேவாலயத்தின் இறுதிக் காலத்திலும் பரிசேயர் அதனை ஏற்றனர், சதுசேயர் மறுத்தனர்.

கி.பி. 70இல் ரோமானியர் தேவாலயத்தை எரித்தார்கள். ஒரே இடத்தில்தான் பலியிடலாம் என்று வகுத்துக்கொண்ட மதத்துக்கு அந்த ஒரே இடம் போய்விட்டது. அத்துடன் கதை முடிந்திருக்கவேண்டும். முற்றுகையிட்ட எருசலேமிலிருந்து யோகனான் பென் சக்காய் என்ற அறிஞரைச் சீடர்கள் சவப்பெட்டியில் வைத்து வெளியே கொண்டுவந்தார்கள் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியாயினும், யவ்னே என்ற ஊரில் அறிஞர்கள் கூடியது வரலாறு. பலிக்கு ஈடாக அறச்செயல் நிற்கும் என்று அவர் தேற்றியதாகச் சொல்வார்கள். பலி நேரங்கள் ஜெப நேரங்களாயின. பிறப்பால் வந்த ஆசாரியரின் இடத்தில் கல்வியால் உயர்ந்த ரபீ அமர்ந்தார். பிறப்பின் சிறப்பு அறவே போய்விடவில்லை. ஜெபக்கூடத்தில் வேதம் வாசிக்க முதலில் அழைக்கப்படுவது இன்றும் ஆசாரியர் வழிவந்தவரே. ஆயினும் தலைமை கைமாறிவிட்டது.

மாற்றினார்கள் என்றேன். எப்படி மாற்றினார்கள் என்பதில்தான் சுவை இருக்கிறது. ஏழாம் ஆண்டில் கடன்கள் தள்ளுபடியாகவேண்டும் என்பது உபாகமத்தின் கட்டளை. ஏழைக்கு இரங்கி எழுதிய சட்டம். நடந்தது என்ன? ஏழாம் ஆண்டு நெருங்கினால் ஒருவரும் கடன் கொடுக்க முன்வரவில்லை. விதை நெருக்கடியில் இருப்பவன் யாரிடம் போவான்? ஹில்லெல் என்ற ரபீ ஒரு பத்திர முறையை ஏற்படுத்தினார் என்று மிஷ்னா கூறுகிறது. தனி மனிதன் வசூலிப்பதுதானே தடை? கடனை நீதிமன்றத்தின் கையில் ஒப்படைத்துவிட்டால் தடை பொருந்தாது. 'புரோஸ்புல்' என்று அதற்குப் பெயர். சட்டத்தின் எழுத்து அப்படியே இருந்தது. ஏழைக்குக் கடனும் கிடைத்தது. இதனைச் சூழ்ச்சி என்று சொல்வோர் உண்டு. எனக்கு அது கருணையாகவே படுகிறது.

கி.பி. 200 அளவில் மிஷ்னா தொகுக்கப்பட்டது. அதன்மேல் எழுந்த விவாதங்கள் தால்முதாயின. அதில் தோற்ற கட்சியின் வாதத்தையும் பெயரோடு எழுதி வைத்திருக்கிறார்கள். பிற்காலத்து மன்றம் ஒன்றுக்கு அது தேவைப்படலாமாம்! நம் சங்கத்தின் கூட்டக் குறிப்பேட்டில்கூட இந்தப் பெருந்தன்மையை நான் கண்டதில்லை.

இடைக்காலத்தில் ரபீ கெர்ஷோம் பெயரால் ஐரோப்பிய யூதர்க்குப் பலதார மணம் விலக்கப்பட்டது. ஆபிரகாமுக்கும் யாக்கோபுக்கும் இருந்த உரிமை அது. ஏமன் நாட்டு யூதரிடம் இருபதாம் நூற்றாண்டுவரை நீடித்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் மைமோனிடிஸ், பலி என்பதே அக்கால மக்களின் பழக்கத்துக்கு இறைவன் இணங்கியது என்று எழுதத் துணிந்தார். 1818இல் ஹாம்பர்க் நகரில் சீர்திருத்தக் கட்சியினர் கோயில் திறந்தபோது, எதிர்த்த மோசே சோபர் புதியது எதுவும் வேதத்தால் விலக்கப்பட்டது என்று முழங்கினார். அதற்கு அவர் எடுத்தாண்ட தொடர், புதிய விளைச்சலின் தானியத்தை எப்போது உண்ணலாம் என்பது பற்றிய விதி! மாறக்கூடாது என்ற முழக்கத்துக்கே பழைய சொல்லுக்குப் புதிய பொருள் வேண்டியிருந்தது. நண்பர் கவனிக்க.

எதுவுமே நிலைக்கவில்லையா என்று கேட்பீர்கள். ஓய்வுநாள், விருத்தசேதனம், உணவு விலக்கு, எபிரேய மொழி ஆகியவை நிலைத்தன. அவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. என் மனக்குறை வேறு. மணவிலக்குப் பத்திரத்தைக் கணவன் கொடுத்தாலன்றி மனைவிக்கு விடுதலை இல்லை என்பது யூத சட்டம். கொடுக்க மறுக்கும் கணவனால் கட்டுண்டு கிடக்கும் பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். சில நாடுகளில் திருமணத்தின்போதே ஒப்பந்தம் எழுதி இதனைத் தடுக்க முயல்கின்றனர். அது முழுத் தீர்வாகவில்லை. காணாமற்போன கணவன் இறந்தான் என்பதற்கு ஒரே ஒரு சாட்சி போதும் என்று விதியைத் தளர்த்தி, அவன் மனைவியை விடுவித்தவர்கள் பண்டைய ரபீக்கள். முன்னோரிடம் இருந்த துணிவு பின்னோரிடம் குறைந்துவிட்டது.

இதன் வலியை நம் நாட்டு யூதர்களும் அறிவார்கள். கொங்கணக் கடற்கரையின் பெனே இஸ்ரவேலர் பல நூற்றாண்டுகள் தால்முதை அறியாமல் வாழ்ந்தவர்கள். செக்கு ஆட்டி எண்ணெய் எடுத்த அவர்கள் சனிக்கிழமையில் செக்கை நிறுத்தியதால், ஊரார் 'சனிவார் தேலி' என்றழைத்தனர். இஸ்ரேல் சென்று குடியேறியபின், 1962இல் அங்குள்ள தலைமை ரபீ மன்றம் அவர்களைப் பிற யூதர் மணக்குமுன் தாய்வழியை ஆராயவேண்டும் என்று உத்தரவிட்டது. காரணம், அவர்கள் முன்னோர் செய்த மணவிலக்குகள் ரபீக்களின் விதிப்படி நடந்திருக்குமோ என்ற ஐயம். செக்கை நிறுத்திய சனிக்கிழமைகள் எல்லாம் கணக்கில் வரவில்லை. அவர்கள் எருசலேமில் கூடிப் போராடினார்கள். 1964இல் நாடாளுமன்றமே தலையிட்டு, அவர்கள் எல்லா வகையிலும் யூதரே என்று அறிவித்தபின்தான் மன்றம் இறங்கி வந்தது.

நண்பரிடம் இதையெல்லாம் அதே மாடிப்படியில் சொன்னேன். "அப்படியானால் எதுதான் யூத மதம்?" என்றார். இரண்டாயிரம் ஆண்டுகளாக அவர்களும் அதைத்தான் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றேன். அதற்குள் விளக்கணைக்கும் மணி அடித்துவிட்டது.