இளமை காவல் ஆகுமா?

மாரடைப்பு முதுமைக்குரிய நோய் என எண்ணி வாழ்வோர் நம் கிழக்குக் கரையோர ஊர்களில் இன்னும் பலர். முப்பது வயதைத் தாண்டாத ஒருவரின் ஜனாஸா அறிவித்தல் பள்ளிவாசல் ஒலிபெருக்கியிற் கேட்குங்கால், நேற்றுக்கூடச் சந்தியில் நின்றாரே எனத் திகைக்கின்றோம். திகைப்பு இரண்டொரு நாளில் அடங்கிவிடுகின்றது. காரணத்தை ஆராய்வார் இலர்.

மாரடைப்பு என்னுஞ் சொல் இறுதி நிகழ்ச்சியையே சுட்டுகின்றது. அடைப்போ ஆண்டுக்கணக்கில் வளர்வது. கொரியப் போரில் மாண்ட 300 அமெரிக்கப் போர்வீரரின் இதயங்களை மருத்துவர் அறுத்து நோக்கி 1953 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஈண்டு நினைக்கத்தக்கது. அவ்வீரரின் சராசரி வயது 22. போருக்குத் தகுதியுடையோர் எனத் தெரிந்தெடுக்கப்பட்டோர். ஆயினும் நூற்றுக்கு 77 பேரின் முடியுருநாடிகளில் நோயின் அடையாளம் காணப்பட்டது.

கேரளத்திற் பிறந்த சலீம் யூசுப் என்னும் மருத்துவ அறிஞர் தலைமையில் 52 நாடுகளில் நிகழ்ந்த பேராய்வு 2004 இல் வெளிவந்தது. புகைத்தல், இரத்தக் கொழுப்பின் சீர்கேடு, உயர் குருதியமுக்கம், நீரிழிவு, வயிற்றுப் பருமன், மனவழுத்தம் முதலாய ஒன்பது ஏதுக்களே முதன்முறை வரும் மாரடைப்புக்கு நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு காரணம் என்றது அது. தென்னாசியரை இந்நோய் பிற நாட்டாரினும் இளவயதிற் பற்றுகின்றது என்பதும் அதனாற் புலனாயிற்று.

நம்மூர் நிலையை நோக்குவோம். வயலும் வலையும் மருதமுனைத் தறியும் உடலை வருத்திய தொழில்கள். இன்று அடுத்த தெருவுக்கும் மோட்டார் சைக்கிளே வேண்டும். அந்திப்பொழுதிற் கொத்து ரொட்டி, பொரித்த ரோல்ஸ், அதன்மேற் சோடா. இடையிடையே மூன்று கரண்டி சீனியிட்ட தேநீர். சஹனைச் சுற்றியிருந்து கூடியுண்ணும் வழக்கம் அழகியது; அதனை யான் குறைகூறேன். கலியாணச் சோற்றைக் கிழமைச் சோறாக்கியதே பிழை. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைந்த உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கூற்று. கருவாட்டுக் குழம்பும் சம்பலும் ஒருங்கே அமைந்த நம் மதிய உணவு அவ்வளவில் நிற்குமா? திமிருக்கும் கொழுப்பு என்றே பெயரிட்டவர் நாம்; மெய்க்கொழுப்பையோ செழுமை என்று பாராட்டுகின்றோம்!

அரசு 2011 முதல் இலவசப் பரிசோதனை நிலையங்களை அமைத்து வருகின்றது. நற்பணியே. எனினும் அவை 35 வயதைக் கடந்தோரையே முதன்மையாகக் கருதின. இருபத்தைந்து வயதினன் எங்கே செல்வான்? வளைகுடா நாட்டுக்குப் போகும்போது மாத்திரம் அவன் மறுப்பின்றி மருத்துவப் பரிசோதனைக்கு உடன்படுகின்றான். பிறநாட்டு முதலாளிக்காகச் செய்வதைத் தன் மனைவி மக்களுக்காகச் செய்யலாகாதா?

குருதியமுக்கம் அளக்க ஐந்து நிமிடம் போதும். இடையை அளக்கத் தையற்காரரின் நாடா போதும். நம்மவருள் ஆடவர்க்கு 90 சென்றிமீற்றரும் பெண்டிர்க்கு 80 சென்றிமீற்றரும் எல்லை. உயர்தர வகுப்பை விட்டு நீங்கும் மாணவர்க்கெல்லாம் பாடசாலையிலேயே இவ்விரண்டையும் அளந்து, எழுதிக் கையிற் கொடுத்தல் வேண்டும். முச்சக்கர வண்டித் தரிப்பிடங்களிலும் விளையாட்டுக் கழகங்களிலும், ஜும்ஆ முடிந்தபின் பள்ளிவாசல் முற்றத்திலும் ஆண்டுக்கொரு முறை இதனைச் செய்யலாம். கருவியின் விலை ஒரு கந்தூரிக்கு வாங்கும் அரிசியின் விலைக்கும் குறைவே.